கருப்பட்டிக்குக் கீழே

ஏளா,

தோள்பையை இன்று காலையில்தான் முழுசாகக் கவிழ்த்துத் தட்டினேன். சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, இன்னும் அதற்குள் கருப்பட்டி வாசம் போகவில்லை. தையல் மூலையில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன். அது நாக்கில் கரையக் கரைய உன் நினைப்பு வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்ததும் வழக்கம்போல நனைந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் "என்னளா, லீக் ஆயிட்டா?" என்று கேட்டிருப்பாய். ஆயிட்டு. கேட்கத்தான் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ப்ளேனில் போய்விட்டு வந்தேன். நம்பு. நம் வாகைக்குளம் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்கு, தனியாளாக. நீ முன்னால் நடக்க நான் பின்னால் வருவதாகத்தான் நமக்குள் பேச்சு. நீ கொஞ்சம் அதிகமாகவே முன்னால் போய்விட்டாய்.

உனக்குத் தெரியாததா? கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு தும்மினாலும் சிரித்தாலும் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். டாக்டரம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீரைக் குறைப்பதும் ஆபீஸ் விட்டால் வீட்டோடு கிடப்பதும்தான். சிரிப்பைத்தான் குறைக்க முடியவில்லை. அடுத்த மேஜையில் நீ இருந்தாயே.

பீச் ரோட்டில் நம் கிளியரிங் ஆபீஸ். கப்பலேறும் சரக்குக்கான தாள்களை நான் டைப் அடிப்பேன். நீ அவற்றைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய்க் கையெழுத்து வாங்கி வருவாய். போலியோவில் சூம்பிய வலது காலில் தொடைவரை இரும்புக் காலிப்பர் மாட்டியிருப்பவளை எதற்கு வெளிவேலைக்கு அனுப்புகிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். உன்னை ஒருநாள் முழுக்க ஆபீசில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் காரணம் தெரியும். வாய் ஓயாது. ஒருத்தரையும் வேலை பார்க்க விடமாட்டாய்.

ஒருநாள் நம் மேனேஜரைப்போல நடித்துக் காட்டினாய். முதலாளி போனில் வந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, துண்டு இல்லாத தோளிலிருந்து துண்டை எடுப்பதுபோல ஒரு கை போகுமே, அதை. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்துவிட்டு அப்படியே உறைந்துபோனேன். டீ குடிக்க எல்லாரும் எழுந்தபோது நான் எழவில்லை. "நீ போ, எனக்கு வேலை கிடக்கு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, "எனக்கும் கால் வலிக்கு. ஆளெல்லாம் போகட்டும்" என்றாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் இறங்கிப் போனதும் உன் சால்வையை எடுத்து நீட்டினாய், நான் இடுப்பில் சுற்றிக்கொண்டு அழுதேன். நீயா ஆறுதல் சொல்வாய்?

"எனக்குக் கால் இரும்பு, உனக்குக் குழாய் லீக்கு. பேசாம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஒர்க்‌ஷாப்பு வச்சிருவோம்ளா."

அழுதுகொண்டே சிரித்தேன். மறுபடியும் போனது. "போட்டும், சால்வை என்னுதுதானே" என்றாய்.

டயப்பர் என்று ஒன்று பெரியவர்களுக்கும் இருக்கிறது என்று என்னை மெடிக்கலுக்கு இழுத்துப்போனதும் நீதான். தெரிந்த கடை வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் மட்டக்கடைப் பக்கம் போனோம். நான் இருமல் மருந்தைப் பார்ப்பதுபோல ஓரமாக நின்றேன். நீ கல்லாவுக்கு நேராகப் போய், "அண்ணாச்சி, பெரியாளு டயப்பர் இருக்கா? நல்லாத் தாங்கணும்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாய். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு கவரும் போட்டார். நீ தெருவுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டாய். "எதுக்குளா இம்புட்டுப் பேப்பரு? மீனா வாங்கிட்டுப் போறோம்?" எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் போட்டுக்கொண்டேன்.

துறைமுக கேட்டில் உன்னைப் பார்க்கவேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே நானும் சில நாள் உன்னோடு வேனில் வருவேன். காற்றாலை இறக்கை ஏற்றிய நீளமான லாரிகள் வரிசையில் கிடக்கும், உப்பு லாரிக்காரர்கள் இறங்கி நிற்பார்கள். நீ டக் டக் என்று நடந்து வருவாய். மெட்டல் டிடெக்டர் வாசலுக்கு நாலடி முன்னாலேயே கையைத் தூக்கி, "வலது கால் இரும்பு, மத்ததெல்லாம் கறியும் எலும்பும்!" என்று சத்தம் கொடுப்பாய். அதற்கப்புறம்தான் மெஷின் கத்தும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எந்த ஊரிலிருந்தோ மாற்றலாகி வந்த காவலர் ஒருவர், தமிழில் வணக்கம் சொல்லப் பழகும் முன்பே "வலது கால் இரும்பு" சொல்லப் பழகிக்கொண்டார். உன்னைத் தூரத்தில் கண்டதும் அவரே முதலில் கத்துவார். நீ கோபித்துக்கொள்வாய், "என் வேலையை நீரு பாக்காதேயும்" என்று.

உனக்கு வெட்கமே கிடையாதா என்று ஒருநாள் கேட்டேன். "நிறைய இருந்துச்சு. மெஷின் கத்தும், எல்லாவனும் திரும்பிப் பாப்பான், நான் செத்துப் பொழைப்பேன். பொறவு ஒருநாள் தோணுச்சு, மெஷின் கத்துறதுக்கு முந்தி நாம கத்திட்டா என்ன?" அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வறுகடலையைத் தின்னத் தொடங்கிவிட்டாய்.

அப்படிப்பட்டவள் என் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உன் பையில் எப்போதும் எனக்காக ஒரு டயப்பர் இருக்கும், உன் காலிப்பருக்கு விடும் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில். ஒருமுறை கேட்டில் பையைச் சோதித்த பெண் காவலர் அதை வெளியே எடுத்து, "இது யாருக்கும்மா?" என்றார். சும்மாதான் கேட்டார். பின்னால் நம் ஆபீஸ் ஆட்கள் நின்றார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத்தான்" என்றாய்.

வேனில் ஏறியதும் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்ளா அப்படிச் சொன்ன?" என்றதற்கு, "ஏற்கெனவே என்னை நொண்டிங்கான். இதையும் சேத்துக்கிட்டா என்ன எடையா கூடிரும்? நீ தண்ணியக் குடி, உதடெல்லாம் காஞ்சு கிடக்கு" என்று பாட்டிலை என் வாயில் திணித்தாய். அதற்கப்புறம் நம் ஆபீசில் பலர் உனக்குத்தான் அந்தத் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்தருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் முன், உன் தங்கச்சி காலிப்பரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். "இது இல்லாம எப்படிம்மா அனுப்ப?" என்று நான் கேட்டேன். "இருக்கட்டும்க்கா. மோட்ச வாசல்ல இராயப்பர் சாவியோட காவல் நிக்காரு. இதை மாட்டிட்டுப் போனா அவருகிட்டயும் நின்னு கதையடிப்பா, உள்ள போகமாட்டா" என்றாள். அழ வந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, கீழேயும் வந்தது, போட்டிருந்தது தாங்கவில்லை. சால்வை தர ஆளில்லாமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். அதற்கப்புறம் ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லை.

இப்போது சுபாவின் கதைக்கு வருகிறேன். என் மகள் இருக்கிறாளே, கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு சென்னையில் பரோட்டாக் கடை வைக்கப் போகிறேன் என்றாள். நம் ஊர் பொரிச்ச பரோட்டா, சாயங்காலமானால் கருப்பட்டிக் காபி. முதல் காபியை நான்தான் போடவேண்டுமாம். அவள் பட்டம் வாங்கியபோது நான் போகவில்லை. புது வீட்டில் பால் காய்ச்சியபோதும் போகவில்லை. காய்ச்சல் என்றேன், முழங்கால் என்றேன். இந்தத் தடவை அவள் போனில் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வரலன்னா பரவாயில்லம்மா. இனிமே கூப்பிடமாட்டேன்" என்றாள்.

அவளிடம் நான் உண்மைக் காரணத்தைச் சொன்னதே இல்லை. பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ரயிலில் ராத்திரி முழுக்கப் போகவேண்டுமே என்று இழுத்ததும் ப்ளேனுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ப்ளேன் என்றால் செக்கிங். திரை போட்ட கூண்டுக்குள் ஒரு பெண் போலீஸ் இடுப்பைத் தடவிப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பையை மெஷினுக்குள் விட்டு உள்ளே இருப்பதெல்லாம் டிவியில் பார்ப்பார்களாம். அங்கே என் மானம் போனால் அப்படியே திரும்பி டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன், மகள் என்னை மறுபடி கூப்பிடமாட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் பெட்டி கட்டினேன்.

கேள், நான் செய்த புத்திசாலித்தனத்தை. பனையோலைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். அடியில் டயப்பர்கள், ஒவ்வொன்றையும் நியூஸ் பேப்பரில் சுற்றி. அதற்கு மேல் உடன்குடிக் கருப்பட்டியை நெருக்கமாக அடுக்கினேன். நம் ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும், மேலே கருப்பட்டி தெரிந்தால் "ஓ, கருப்பட்டியா" என்று மூடிவிடுவார்கள். கருப்பட்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவிய ஆளை நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் பெட்டியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. திட்டாதே.

பையை மெஷினில் விட்டாயிற்று. முதலில் கூண்டு. திரைக்குள் நின்றது சின்னப் பெண், தென்காசிப் பக்கம் பேச்சு. அவள் கை இடுப்புக்கு வரும் முன் நான் முந்திக்கொண்டு, "இடுப்புல டயப்பர் இருக்கும்மா" என்றேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவள் குனிந்து, "என்னம்மா?" என்றாள். திரும்பவும் சொன்னேன். "சரிம்மா, கையைத் தூக்குங்க" என்றாள். அவ்வளவுதான். இரண்டு தட்டுத் தட்டி, போங்க என்றாள். இத்தனை வருஷமாக நான் கட்டிக் காத்த ரகசியம் அவளுக்குக் கொட்டாவி விடும் அளவுக்குக்கூடப் பெரிய விஷயமில்லை. எனக்கு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

வெளியே வந்து பையைத் தேடினால் பை இல்லை. அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். வடக்கத்தி அதிகாரி ஒருவர், "இது யார் பேக்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினில் கருப்பட்டி எப்படித் தெரியும் என்று நானா கண்டேன்? கனமாக, உருண்டையாக, பக்கத்தில் பக்கத்தில். அவருக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. இன்னொருத்தரையும் கூப்பிட்டார். "திறங்க அம்மா" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். நான் "கருப்பட்டி சார், கருப்பட்டி" என்கிறேன், அவருக்குப் புரியவில்லை. அதற்குள் வரிசை முழுக்க என் வக்கீலாகிவிட்டது. "வெல்லம் மாதிரி சார்", "பனைமரம் சார், காபியில போடுறது" என்று ஆளாளுக்கு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "உடன்குடிச் சரக்கு சார். கலப்படம் கிடையாது" என்று சர்டிபிகேட்டே கொடுத்துவிட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் உயிர் வந்தது. மூடிவிடுவார் என்று நினைத்தேன்.

மூடவில்லை. ஊர்க்காரராக இருந்தால் மூடியிருப்பார். இவர் கருப்பட்டியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். அடியில் பேப்பர் பொட்டலங்கள். "இது?" என்றார்.

வரிசை முழுக்க என் பொட்டலத்தைத்தான் பார்த்தது. மருந்து என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை. என் அம்மாவுக்கு என்று சொல்லலாமா என்று இன்னொன்று. அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது துறைமுக கேட்டில் என் பக்கம் திரும்பாமல் நின்ற உன் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. மெஷின் கத்தியாகிவிட்டது. இருந்தாலும் நானும் கத்திவிட்டேன்.

"டயப்பர் சார். எனக்குத்தான். கருப்பட்டி மகளுக்கு, டயப்பர் எனக்கு!"

என் குரல் எனக்கே கேட்டது ஏளா. அந்த ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். அதிகாரி தலையை ஆட்டினார். "டயப்பர் ஓகே அம்மா. அடுத்த தடவை இது மேலே வைங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை. கருப்பட்டி தனியா எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை இழுத்தார். யார் கண்ணும் படக்கூடாது என்று நான் தேடிப் பிடித்த மறைவிடம்தான் என்னை ஊரறிய வைத்தது! தட்டில் கிடந்த கருப்பட்டியைப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அண்ணாச்சி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே போட்டிருந்தது தன் வேலையைப் பார்த்தது.

பெட்டியை அடுக்கிக்கொண்டு ஓரமாக வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். காயல்பட்டினத்துப் பெண். "அக்கா, தப்பா நினைக்காதிய. அதுல ஒண்ணு கிடைக்குமா?" என்றாள். கருப்பட்டியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கண்ணால் காட்டினாள். சக்கர நாற்காலியில் அவளுடைய உம்மா உட்கார்ந்திருந்தார். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். டயப்பர் பாக்கெட்டை விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டாள், பெட்டி போய்விட்டது. "உம்மா ரொம்ப நேரமா நனைஞ்சு போய் உக்காந்திருக்காங்க. யாருகிட்ட போய்க் கேக்கன்னு தெரியல. நீங்க சத்தமாச் சொன்னியள்லா, அதான் வந்தேன்."

நீங்க சத்தமாச் சொன்னியள்லா. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மூன்று பேருமாக பாத்ரூமுக்குப் போனோம். நானும் அவளும் சேர்ந்து பிடித்து மாற்றிவிட்டோம். அந்த உம்மா முழுநேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மூடிய கண்ணைத் தெரியும். "நானும் போட்டிருக்கேன் உம்மா, இந்தா பாருங்க" என்று என் இடுப்பைத் தட்டிக் காட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "அல்லா உனக்கு நல்ல பரக்கத்தத் தரட்டும் மவளே" என்றார். வெளியே வந்ததும் மறுபடி என் கையைப் பிடித்து இழுத்து, "அந்தக் கருப்பட்டியிலயும் ஒண்ணு தந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றார். அவருடைய மகள் "உம்மா!" என்று அதட்டினாள். நான் இரண்டாகக் கொடுத்தேன். ப்ளேன் ஏறும்வரை மூவரும் தண்ணீர் குடித்தோம், நானும்தான்.

சுபாவிடம் அன்று ராத்திரியே எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பட்டி ஏன் குறைகிறது என்று கேட்டாள், அங்கே ஆரம்பித்தது. "இதுக்காம்மா அத்தனை காய்ச்சல் வந்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் கடையில் நான் போட்ட முதல் காபி கொஞ்சம் தித்திப்பு அதிகம் என்று சொன்னார்கள். குடித்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

பையைத் தட்டித் துடைத்துக் காயவைத்துவிட்டேன். எனக்கு வேண்டியதை உள்ளே வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் ஒன்று வைத்திருக்கிறேன். பேப்பர் சுற்றவில்லை. அது எனக்கில்லை ஏளா, இனிமேல் எந்த வரிசையில் யார் நனைந்துபோய் நிற்கிறாரோ அவருக்கு. செக்கிங்கில் எடுத்துப் பார்த்து இது யாருக்கு என்று கேட்டால், யார் பக்கமும் திரும்பாமல் எனக்குத்தான் என்று சொல்லிவிடுவேன்.